கூரைக்கு மானியம், ஜன்னலுக்கு?
கூரையில் சோலார் போட்டால் பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் சென்னையில் கடலோரக் காசிமேட்டில் நடு மாடியில் வாடகைக்கு இருப்பவருக்குக் கூரை ஏது?

எங்களுக்கு வேண்டியது ஜன்னல். உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்து, மரம் உப்பி, கதவு சட்டத்தில் பொருந்துவதே இல்லை. இடுக்கு வழியாக லாரித் தூசியும் மே மாத அனலும் நேராக உள்ளே. ஏசியை அணைக்கவே முடியவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணமே வேறு. வீட்டுக்காரரோ, "நீங்களே மாத்திக்கோங்க" என்கிறார். அவர் சுவருக்கு நான் ஏன் செலவழிக்க வேண்டும்?

கனடாவில் 2021-இல் வந்த பசுமை வீட்டு மானியத்தில் ஜன்னல் மாற்றவும் பணம் தந்தார்கள். அது குளிருக்கு. எங்கள் வெயிலுக்கும் யாராவது தரட்டுமே!