காலியிடம் என்று சொல்வதற்கு முன்

கடந்த வாரம் எங்கள் கல்லூரியில் நடந்த சேர்க்கைத் திட்டமிடல் கூட்டத்தில் வைக்கப்பட்ட, நிரம்பிய இடங்களையும் காலியிடங்களையும் காட்டும் அட்டவணை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி முடித்துவிட்டதால், அதை மறுபடியும் இங்கே விவரிக்கப் போவதில்லை. இரண்டாம் சுழற்சியில், அதாவது பிற்பகல் வகுப்புகளில், உள்ள தமிழ்வழிக் கணிதத்தை நிறுத்திவிட்டு, அந்த இடங்களை ஆங்கிலவழி வணிகவியல் கணினிப் பயன்பாட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்ற யோசனைகூட எனக்குப் புதிதல்ல. அந்த வகுப்பு மாணவர்களைப் பற்றி "வருகிறவர்களும் அப்படிப்பட்டவர்கள்தானே" என்று ஒருவர் சொன்னதும், அதற்கு அறையில் எழுந்ததாகச் சொல்லப்படும் சிரிப்பும்தான் என்னை எழுத வைக்கின்றன.

அட்டவணையில் நிரம்பியவை, காலியானவை என்று இரண்டே இரண்டு எண்கள் இருக்கின்றன. காலியாக இருப்பது யாருடைய இடம் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் இடங்கள் பெயரில்லாமல் கிடப்பதில்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியலினத்தவருக்கு அருந்ததியரின் 3 உட்பட 18, பழங்குடியினருக்கு 1 என்று 69 விழுக்காடும் சட்டப்படி பிரிக்கப்பட்டுள்ளன. 60 பேர் கொண்ட வகுப்பில் பழங்குடியினருக்குக் கிடைப்பது ஒரே ஓர் இடம். அந்த ஒன்று காலியானால், குழுவினரே, உங்கள் அட்டவணையில் அது வெறும் ஒன்றுதான், ஆனால் அந்தப் பிரிவைப் பொறுத்தவரை வகுப்பு முழுவதுமே காலி.

சில ஆண்டுகளுக்கு முன் கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் இருந்தபோது, மலையிலிருந்து ஒரு மாணவர் தன் தாய்மாமாவுடன் வந்தார். ஒரு ஜவுளிக்கடைப் பையில் பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையும் மாற்றுச் சான்றிதழையும் ஒன்றின்மேல் ஒன்றாக மடிப்பில்லாமல் வைத்திருந்தார். சாதிச் சான்றிதழ் மட்டும் இல்லை. விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டு இருந்தது. பட்டியலினத்தவருக்கு வட்டாட்சியர் சான்றிதழ் தருகிறார், பழங்குடியினருக்கோ கோட்டாட்சியர் விசாரித்துத் தர வேண்டும், அது எவ்வளவு நாளாகும் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும். ஒப்புகைச் சீட்டை வைத்து அந்த இடத்தைக் கொடுக்க விதியில்லை, பொதுப்பிரிவுத் தரவரிசையில் அவர் மதிப்பெண் அன்றைக்கு எட்டவும் இல்லை. அடுத்த கட்டக் கலந்தாய்வுக்கு வரச்சொல்லி அனுப்பினோம். அதற்குள் அவர் மாமாவோடு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. அந்த ஆண்டு அறிக்கையில் அந்த இடத்துக்கு எதிரே எழுதப்பட்ட காரணம்: "விண்ணப்பதாரர் இல்லை".

இப்படித்தான் இடங்கள் காலியாகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு முடிவுகள் மே மாதத் தொடக்கத்தில் வந்தவுடன் நம் விண்ணப்பப் பதிவு தொடங்குகிறது. துணைத்தேர்வு எழுதித் தேறியவர் கையில் மதிப்பெண் பட்டியலோடு வரும்போது இங்கே முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டிருக்கும். இன்னொரு பக்கம், ஜூன் மாதத்தில் நம்மிடம் கணிதத்திலும் இயற்பியலிலும் சேர்ந்தவர்கள், ஜூலைக்குப் பிறகு பொறியியல் கலந்தாய்வில் இடம் கிடைத்ததும் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஆகஸ்ட் மாதத்தில் எண்ணிப் பார்த்துவிட்டு, "கணிதத்துக்கு ஆளில்லை" என்று சொல்வது எந்த ஊர்த் திட்டமிடல்? காலி இடங்களின் எண்ணிக்கையைச் சொல்வதோடு உங்கள் வேலை முடியவில்லை. யார் வரவில்லை, யார் வந்து போனார், ஏன் போனார் என்று கேட்பதற்குத்தான் அந்தக் குழுவுக்குப் பெயர் சேர்க்கைத் திட்டமிடல் குழு.

விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்தானே, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய்தானே, 2020 முதல் எல்லாம் இணையவழியில்தானே நடக்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். பிரௌசிங் சென்டரில் பதிவு செய்து தருபவர் வாங்கும் தொகையையும், அங்கே போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும், இழந்த ஒரு நாள் கூலியையும் அந்த 2 ரூபாயோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

தமிழ்வழியில் படித்து என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, மாநில அரசுப் பணி நேரடி நியமனத்தில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருப்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். சாதியைக் கிளறுகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. மாணவர்களே இல்லாத வகுப்புக்கு அரசுப் பணம் எதற்கு என்ற கேள்வியை மட்டும் நான் மதிக்கிறேன். ஆனால் ஆள் வராததற்கு நேரமும் காரணமாக இருக்கலாம்: இரண்டாம் சுழற்சி முடிந்து மாணவிகள் வெளியே வரும்போது இருட்டத் தொடங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு அவர்கள் ஊருக்குப் போகும் பேருந்து ஒன்றே ஒன்றுதான். அதே பாடத்தை முதல் சுழற்சிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு, அப்போதும் ஆள் வரவில்லையென்றால் மூடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுத்துப் பெண்களைக் கல்லூரிக்கு அழைக்கும் அதே அரசின் கல்லூரியில்தான் நாமும் வேலை பார்க்கிறோம்.

"உனக்கு ஒதுக்கிய வகுப்பு நேரம் போய்விடும் என்ற பயத்தில் பேசுகிறாய்" என்று நேற்று ஒரு நண்பர் உட்பெட்டியில் எழுதியிருந்தார். ஆமாம், நான் நிரந்தரப் பணியில்லாத கௌரவ விரிவுரையாளர், வகுப்பு போனால் என் வேலையும் போகலாம். அதனால் நான் சொல்வது பொய்யாகிவிடுமா? கலந்தாய்வு நாட்களில் காலை முதல் சரிபார்ப்பு மேசையில் உட்கார, "வருமானச் சான்றிதழை மறந்துவிட்டோம்" என்று அழும் தாய்மாரைச் சமாதானப்படுத்த, தரவுகளைக் கணினியில் ஏற்ற, இறுதியில் அந்த அட்டவணையையே தட்டச்சு செய்ய நாங்கள் வேண்டும். அதை வைத்து முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் எங்களுக்கு நாற்காலி கிடையாது. அந்தச் சிரிப்பைக்கூட வெளியே காத்திருந்த அலுவலக உதவியாளர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். "அப்படிப்பட்டவர்கள்" என்பதற்குள் மாணவர்களோடு நாங்களும் அடக்கமா என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அடுத்த கூட்டம் இந்த மாத இறுதியில் என்கிறார்கள். அதற்குள் அந்தக் காலியிடங்களை இட ஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாகவும், மாணவர், மாணவியர் வாரியாகவும், சேர்ந்து விலகியவர் தனியாக, வராதவர் தனியாகவும் பிரித்து வெளியிடுங்கள். தரவெல்லாம் எங்கள் கணினியில்தான் இருக்கிறது, கேட்டால் ஒரே மாலையில் எடுத்துத் தருகிறேன், வழக்கம்போல சம்பளமில்லாமல்.