தொட்டி இல்லாதவர்கள் பொங்கலுக்கு வரவேண்டாமாம்

சனிக்கிழமை ராத்திரி, வண்டியில் தங்குகிற நம் தமிழ்க் குழுவில் வந்த அறிவிப்பை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள், போய் நிம்மதியாகத் தூங்குங்கள். அரிசோனா பாலைவனத்து ஊரான குவார்ட்ஸைட்டில் நடக்கிற பொங்கல் கூட்டத்துக்கு வருகிற வண்டிகளில் நிரந்தரமாகப் பொருத்திய கழிவுநீர்த் தொட்டி விதிப்படி கட்டாயமாம், அது குறைந்தது 10 காலனாவது (சுமார் 38 லிட்டர்) பிடிக்கவேண்டுமாம், காரிலும் மினிவேனிலும் தங்குகிறவர்கள் "தயவுசெய்து புரிந்துகொள்ளவும்". கூடவே ஒரு ஃபார்ம். வண்டியின் மாடல், வருடம், உள்ளே நாலு பக்கமும் எடுத்த படம், அப்புறம் வண்டியின் மதிப்பு. மதிப்பு எதற்கு? பொங்கல் வைக்கப் போகிறோமா, லோன் கொடுக்கப் போகிறோமா?

பொறுத்துப் பார்த்தேன். யாராவது பெரியவர்கள் கேட்பார்கள் என்று நினைத்தேன். கேட்டார்கள், டி-ஷர்ட் என்ன கலர் என்று. அப்புறம் நான் கேட்ட ஒரு கேள்விக்குக் கீழே, "இது வீடில்லாதவர்களுக்கான கூட்டம் இல்லையே அக்கா" என்று ஒரு தம்பி எழுதினார். அதற்குப் பதினேழு ஹார்ட். ஹார்ட் போட்டவர்களில் பாதிப் பேர் என் கையால் சாப்பிட்டவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு.

சட்டத்தைக் காட்டித்தானே வாயை அடைக்கிறீர்கள், நானும் சட்டத்திலிருந்தே வருகிறேன். நாம் கூடப்போகிற லா போஸா மத்திய அரசின் நிலம், பி.எல்.எம். என்கிற நில நிர்வாகத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை அங்கே வண்டிகள் நீண்ட நாள் தங்குகிற சீசன். முழு சீசனுக்கு 180 டாலர், 14 நாளுக்கு 40 டாலர் என்றுதான் பல வருடமாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே தங்கும் வண்டியில் 10 காலன் தொட்டி இருக்கவேண்டும் என்று விதி இருப்பது உண்மை. நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதே விதியில், லா போஸா மாதிரியான சில இடங்களில் அரசு கட்டிவைத்திருக்கும் கழிவறையிலிருந்து 500 அடிக்குள் நிறுத்தினால் தொட்டி இல்லாத வண்டியும் தங்கலாம் என்று இருக்கிறதே, அது ஏன் உங்கள் அறிவிப்பில் இல்லை? முதல் பாதியை வாசித்த கண்ணுக்கு இரண்டாம் பாதி தெரியவில்லையா, இல்லை தெரியவேண்டாம் என்று இருந்துவிட்டதா?

500 அடி என்றால் 150 மீட்டர். வருவதே முப்பது நாற்பது வண்டி. கழிவறையைச் சுற்றி கார்களையும் மினிவேன்களையும் விடுங்கள், தொட்டி வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் அதற்கு அந்தப் பக்கம் நிற்கட்டும். அவர்களுக்கும் வாசனை வராது. இதற்கு ஒரு கமிட்டி, மூன்று ஜூம் மீட்டிங், ஒரு ஃபார்ம்! அரசாங்கமே உள்ளே விடுகிற ஆளை நீங்கள் வெளியே நிறுத்துகிறீர்கள் என்பதுதான் என் ஒரே புகார்.

தொட்டி இல்லாதவர்கள் ஊரை நாறடித்துவிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார். இது நியாயமான கவலை, பாலைவனத்தில் மனிதக் கழிவு சும்மா மக்கிப் போய்விடாது, மழையே இல்லாத மண்ணில் காகிதம் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், நானே பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். ஆனால் காரில் வாழ்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. மூடியுள்ள வாளி, உள்ளே பை, ஈரத்தைக் கெட்டியாக்குகிற தூள், இறுக்கிக் கட்டிக் குப்பைக்குப் போகவேண்டிய இடத்தில் போடுவது என்று அன்றாடம் அதோடுதான் குடித்தனம். தன் கழிவைத் தன் கையால் தூக்குகிறவர்கள் அளவுக்குக் கவனமானவர்கள் கிடையாது. தொட்டி வைத்திருப்பவர்கள் கதையையும் சொல்லட்டுமா? ஜனவரியில் லா போஸா சவுத்தில் தொட்டி காலி செய்கிற இடத்தில் வரிசை எவ்வளவு நீளம் நிற்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்த வரிசைக்குச் சோம்பேறித்தனப்பட்டு, பாத்திரம் கழுவிய தண்ணீர்க் குழாயை ராத்திரி மெல்லத் திறந்துவிட்டுப் படுத்துக்கொள்கிற மகானுபாவர்கள் எந்த வண்டிக்காரர்கள்? என் மினிவேனில் திறப்பதற்குக் குழாயே கிடையாது சாமி.

இன்ஷூரன்ஸ் பிரச்சினை என்கிறார்கள். எந்த இன்ஷூரன்ஸ், என்ன பிரச்சினை என்று கேட்டால் பதில் இல்லை. விடுங்கள்.

பெண்கள், குழந்தைகள் பாதுகாப்பு என்று இன்னொருவர் ஆரம்பித்தார். காரில் தூங்குகிறவர் ஆபத்தானவர், ஒன்றரை லட்சம் டாலர் ஸ்ப்ரின்டர் வேனில் தூங்குகிறவர் உத்தமர். இதற்கு நான் பதில் எழுதி எழுதி அழித்துவிட்டேன். தனியாக மினிவேனில் தூங்குகிற பெண் நான். பாதுகாப்பைப் பற்றி எனக்கு வகுப்பு எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

வண்டியில் கழித்த என் முதல் குளிர்காலத்தைப் பற்றி இங்கே எழுதியதில்லை. ஃபீனிக்ஸில் இருந்த அபார்ட்மென்ட்டில் வாடகையை ஏற்றினார்கள், மெடிக்கல் கோடிங் வேலையில் நேரத்தைக் குறைத்தார்கள், ரெண்டும் ஒரே சமயத்தில். மினிவேனின் நடு சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பிளைவுட் போட்டு, மேலே ஒரு மெத்தை. குவார்ட்ஸைட்டில் பகலில் ஸ்வெட்டரே வேண்டாம், ராத்திரி நாலைந்து டிகிரிக்கு இறங்கிவிடும், சில நாள் அதற்கும் கீழே. அன்றைக்குக் காற்று வேறு. வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. கதவைத் தட்டினார் பக்கத்து வண்டிக்காரர், மிச்சிகனில் பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வண்டியின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பு, ஆட்டம் பாதியாகக் குறையும் என்றார். திருப்பினேன், குறைந்தது. புரொப்பேன் ஹீட்டர் வைத்திருக்கிறாயா, கார்பன் மோனாக்ஸைடு அலாரம் இருக்கிறதா, ஜன்னல் ரெண்டு விரல் திறந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அலாரம் இன்னும் வாங்கவில்லை என்றதும் தன்னிடம் இருந்த உபரி ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், ராத்திரி வெளியே போகப் பயமாக இருந்தால் எங்கள் பாத்ரூமுக்கு வா என்று சாவியையே கொடுத்தார். அவர்களுடைய வண்டி என் சில வருடச் சம்பளத்துக்குச் சமம். என் வண்டியின் மதிப்பு என்ன என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. படமும் கேட்கவில்லை.

பெயர் தெரியாத வெள்ளைக்கார அம்மாள் பாத்ரூம் சாவி தருகிறார், நம் தமிழ்க் குழு தொட்டி இருக்கிறதா என்று கேட்கிறது. இதை எழுதும்போது எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது, உங்களுக்கு இல்லை போல.

இந்த மாதிரிக் கூட்டங்களே எப்படி வந்தன என்று யாராவது யோசித்தீர்களா? பாப் வெல்ஸ் 1995-ல் விவாகரத்துக்குப் பிறகு வாடகை கொடுக்க முடியாமல் அலாஸ்காவில் ஒரு பெட்டி லாரிக்குள் குடியேறியவர். அவர் 2010 வாக்கில் குவார்ட்ஸைட் பக்கம் கூட்ட ஆரம்பித்ததுதான் ரப்பர் டிராம்ப் ரான்டேவூ என்கிற, வண்டியில் வாழ்கிறவர்களின் கூட்டம். கொஞ்சம் வண்டிகளோடு தொடங்கி ஆயிரக்கணக்கில் வந்து நின்றது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அங்கே சொல்லிக்கொடுப்பதே வாளிக் கழிவறை, சோலார், சின்ன வண்டியில் சமைப்பது, குறைந்த பென்ஷனில் மாதத்தை ஓட்டுவது. வருகிறவர்களில் பாதி வருடம் காம்ப்கிரவுண்ட் பார்த்துக்கொண்டு, அக்டோபரில் வட டகோட்டா பக்கம் சர்க்கரை பீட் அறுவடையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் நின்றுவிட்டு வருகிற அறுபது எழுபது வயதுக்காரர்கள் உண்டு. அவர்களுக்காக முளைத்த கூட்டம் இது. அதைப் பார்த்துத்தான் நமக்கும் ஆசை வந்தது, இப்போது அவர்கள் மாதிரி ஆட்களே வரக்கூடாதாம்.

குவார்ட்ஸைட்டிலேயே பெரிய நினைவுச் சின்னம் யாருடையது தெரியுமா? ஹாஜி அலி. ஊர்க்காரர்கள் ஹை ஜாலி என்பார்கள். 1856-ல் அமெரிக்க ராணுவம் ஒட்டகங்களைப் பரிசோதித்துப் பார்த்தபோது அவற்றோடு கப்பலேறி வந்தவர். திட்டம் கைவிடப்பட்ட பிறகும் இந்தப் பாலைவனத்திலேயே சுற்றித் திரிந்து 1902-ல் இறந்தார். 1935-ல் அவர் சமாதி மேல் பிரமிடு கட்டி உச்சியில் ஒட்டக உருவம் வைத்தார்கள். போன வருடம் நம் அட்மின் அதன் முன்னால் நின்று எடுத்த படத்துக்கு நானும் லைக் போட்டேன். ஒட்டகத்துக்குத் தொட்டி பொருத்தியிருந்தாரா என்று விசாரித்தீர்களா சார்?

"அக்கா உணர்ச்சிவசப்படுகிறார்" என்று இப்போதே தட்டச்சு ஓடுவது எனக்குக் கேட்கிறது. ஆமாம் படுகிறேன். ஊரிலிருந்து அண்ணி போன் பண்ணி, "என்னம்மா, வீடு வாசல் இல்லாம ரோட்டுல கெடக்கியாமே, அமெரிக்கா போயும் இப்படியா" என்று கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குத் தெரியாது, அவர் பார்த்த உலகம் அது. என் வண்டி, என் சம்பாத்தியம், யாருக்கும் கடன் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். ஆனால் நீங்களும் வண்டியில் தங்குகிறவர்கள்தானே. என்ன, நீங்கள் வாரக்கடைசியில் தங்குகிறீர்கள், திங்கட்கிழமை வீட்டுக்குப் போய் வெந்நீரில் குளிக்கிறீர்கள். அண்ணி கேட்ட அதே கேள்வியை நீங்கள் ஃபார்மில் டிசைன் பண்ணிக் கேட்கும்போதுதான் சுருக்கென்கிறது. யார் எந்தப் பந்தியில் உட்காரலாம் என்று பார்த்துப் பார்த்துப் பிரிக்கிற புத்தியைக் கடல் தாண்டியும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறோம். முதல் பந்தி ஸ்ப்ரின்டர், ரெண்டாம் பந்தி டிரெய்லர். மினிவேன், போய்விட்டு அப்புறம் வா.

"பிடிக்காவிட்டால் நீங்களே தனியாகக் கூட்டம் போடுங்களேன்" என்பதும் வரும். ஏன் போடவேண்டும்? இந்தக் கூட்டத்தை முதலில் சொன்னதே நான்தான், பழைய மெசேஜ்களை மேலே தள்ளிப் பாருங்கள்.

சரி, தொட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற நேரத்தில் உண்மையான வேலை எதையாவது பார்த்தீர்களா? அமைப்பாகக் கூட்டம் நடத்துவதென்றால் பி.எல்.எம்.மிடம் சிறப்பு அனுமதி தேவைப்படலாம், அதற்கு விண்ணப்பம் 180 நாள் முன்பே போகவேண்டும். ஜனவரிப் பொங்கலுக்கு ஜூலையில் கேட்டிருக்கவேண்டும். துறைக்கு ஒரு போன் போட்டு, எங்களுக்கு அனுமதி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டவர் யார்? டி.ஜே.க்கு அட்வான்ஸ் போய்விட்டது, இதற்கு ஆளில்லை. குவார்ட்ஸைட்டின் மக்கள்தொகை சுமார் 2,400. ஜனவரியில் ஆர்.வி. என்கிற வீட்டு வண்டிகளின் ஷோவுக்கும் ரத்தினக் கல், கனிமக் கல் சந்தைகளுக்கும் வருகிற கூட்டத்தில் போன் சிக்னல் செத்துப்போகும், லைவ் போடுகிறேன் என்று கிளம்பியவர்கள் அதைக் குறித்துக்கொள்ளவும். ஆஸ்பத்திரிக்கு வடக்கே 35 மைல் தள்ளிப் பார்க்கர் என்கிற ஊருக்குப் போகவேண்டும், சர்க்கரை, பிரஷர் இருக்கிற அப்பா அம்மாவைக் கூட்டிவருகிறவர்களிடம் இதைச் சொன்னீர்களா? தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் நாலு லிட்டர், பொங்கப் பானை கழுவத் தனி. வறண்ட ஓடைப் பள்ளத்தில் நிழல் இருக்கிறது என்று வண்டியை இறக்காதீர்கள், எங்கோ மலையில் பெய்த மழை அங்கே ஓடிவரும். விறகு அங்கேயே பொறுக்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு வராதீர்கள். குளிர்காலச் சூரியன் தாழ்வாகப் போகும், கூரையில் படுக்கவைத்த சோலார் தகடு பாதிகூடக் கொடுக்காமல் போகலாம், சாய்த்து வைக்கவேண்டும். ஜெனரேட்டர் ராத்திரி 10 மணிக்கு நின்றாகவேண்டும், அதாவது டி.ஜே.யும். அரிசோனா மண்ணில் வேலி ஃபீவர் என்கிற பூஞ்சைக் காய்ச்சல் இருக்கிறது, புழுதியை இழுத்தால் நுரையீரலுக்குப் போகும், அதனால் நூறு பேர் சேர்ந்து காய்ந்த மண்ணில் குத்தாட்டம் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.

இதில் ஒன்றுகூட அந்த அறிவிப்பில் இல்லை. இதையெல்லாம் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்? குளிர்காலம் முழுக்க அங்கேயே கிடக்கிறவர்களிடம்தான் கேட்கவேண்டும், அவர்களைத்தான் வரவேண்டாம் என்றிருக்கிறீர்கள்.

அட்மினுக்கு நேரடியாகவே சொல்கிறேன், தனி மெசேஜில் வந்து சமாதானம் பேசவேண்டாம். விதியின் இரண்டாம் பாதியையும் குழுவில் போடுங்கள். ஃபார்மில் மதிப்பு கேட்கிற கட்டத்தை எடுங்கள், உள்ளே எடுத்த படம் கேட்பதையும் எடுங்கள், ஒரு பெண் தூங்குகிற இடத்தின் படம் உங்கள் கூகுள் டிரைவில் எதற்கு? அதுவரைக்கும் சமையல் கமிட்டியில் என் பெயருக்கு நேரே "சர்க்கரைப் பொங்கல், நூறு பேருக்கு" என்று போட்டிருக்கிறீர்களே, அதையும் அடித்துவிடுங்கள். தொட்டி இருக்கிறவர்கள் யாராவது கிண்டட்டும்.