முதல் விளக்கு எரிவதற்கு முன்னால்

நுண்கட்டுப்படுத்தி (ஒரே சில்லில் அடங்கிய சிறு கணினி) நிரலாக்கப் பட்டறை நடத்த விரும்பும் ஆசிரிய நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, அந்தச் சில்லு பொருத்திய எந்த போர்டு வாங்கலாம் என்பதைத்தான். வருகிறவர்கள் எல்லோருடைய மடிக்கணினியிலும் எந்த மென்பொருள் ஒரே விதமாக ஓடும் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

2022 இறுதியில் ஒரு கல்லூரியில் முப்பது மாணவர்களுக்கு இரண்டு நாள் பட்டறை நடத்தினேன். அவரவர் மடிக்கணினியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். விண்டோஸ் 10, விண்டோஸ் 7, உபுண்டு, ஒரு மேக்புக், அரசு வழங்கிய பழைய மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் என்று எல்லாம் வந்து சேர்ந்தன. போர்டுக்கு நிரல் எழுதி ஏற்றும் ஆர்டுயினோ மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் கிடைக்கிறதே என்ற நம்பிக்கையில் அதன் புதிய இரண்டாம் பதிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தேன். விண்டோஸில் என்றால் அது 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தையதில்தான் ஓடும். அதோடு, பழைய 1.8 பதிப்பில் உள்ளேயே இருந்த ஏவிஆர் தொகுப்பை (ஊனோ போன்ற போர்டுகளுக்கு நிரலைத் தயார்செய்யும் கருவிகள்) இது முதல்முறை திறக்கும்போது இணையத்திலிருந்து இறக்குகிறது. முப்பது பேர் ஒரே வைஃபையில் அதற்காகக் காத்திருந்தோம்.

நாங்கள் வாங்கியிருந்த விலை குறைந்த ஆர்டுயினோ ஊனோ வகை போர்டுகளில் யூஎஸ்பி இணைப்புக்கு சிஎச்340 சில்லு இருந்ததால், சில விண்டோஸ் கணினிகளில் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டியிருந்தது. உபுண்டு 22.04 வைத்திருந்தவர்களுக்கு வந்த சிக்கல் விசித்திரமானது. பார்வையற்றோரின் பிரெயில் கருவிகளுக்காக அதில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்கும் ஒரு நிரல், சில பிரெயில் கருவிகளுக்கும் சிஎச்340 சில்லுக்கும் யூஎஸ்பி அடையாள எண் ஒன்றே என்பதால், போர்டைப் பிரெயில் கருவி என்று எண்ணி இணைப்பைப் பிடித்துக்கொண்டது. அந்த நிரலை நீக்கிவிடு என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு. நானும் அப்படியே சொன்னேன். பார்வையற்ற மாணவர் ஒருவர் வகுப்பில் இருந்திருந்தால் அது எவ்வளவு தவறான அறிவுரையாகியிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

நிரல் ஓடி, போர்டிலுள்ள சிறு விளக்கு முதன்முதலாக எரிந்தபோது மதிய உணவு நேரம் ஆகிவிட்டது. அதற்குள் சிலர் தங்களுக்கு இது வராது என்று முடிவு கட்டிவிட்டதை முகத்திலேயே பார்த்தேன்.

எல்லா இயங்குதளங்களுக்கும் கிடைப்பது வேறு, எல்லாவற்றிலும் ஒரே படிகளில் நடப்பது வேறு. தொடக்கநிலையாளருக்கு இரண்டாவதுதான் வேண்டும். ஆகவே இப்போது நான் ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டு, அதில் ஓடும் பைத்தான் வடிவமான மைக்ரோபைத்தான், நிரல் எழுதத் தானி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்துகிறேன். தானி, எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில் தொடக்கநிலை மாணவர்களுக்கென்றே உருவான எடிட்டர். பைத்தான் அதனுள்ளேயே வருகிறது. பிக்கோவின் பூட்செல் பொத்தானை அழுத்தியபடி கேபிளைச் செருகினால் அது எந்தக் கணினியிலும் பென்டிரைவ் போலத் தெரியும். மைக்ரோபைத்தான் கோப்பை அதில் இழுத்துப் போட்டால் போதும். விண்டோஸ் 10, மேக், லினக்ஸ் எதிலும் தனி டிரைவர் தேவையில்லை. லினக்ஸில் மட்டும் போர்டோடு பேச அனுமதி தரும் டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையச் சொல்ல வேண்டியிருக்கும். விண்டோஸ் 7 வைத்திருப்பவரை இன்னொருவருடன் சேர்ந்து உட்கார வைத்துவிடுகிறேன்.

நிறுவும் வசதியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ஒரு வரியைத் தட்டி எண்டர் அழுத்தியதும் போர்டு பதில் சொல்வதுதான். தவறாக எழுதினாலும் உடனே தெரிகிறது, உடனே திருத்தலாம், கம்பைல் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாடத்திட்டத்தில் சி மொழிதானே இருக்கிறது என்று பேராசிரியர்கள் கேட்பது நியாயம். 2 கிலோபைட் நினைவகம் மட்டுமே உள்ள, ஊனோவின் ஏடிமெகா 328பி சில்லில் சி எழுதும்போது கிடைக்கும் சிக்கனப் பழக்கம் பைத்தானில் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை முதல் நாள் காலையில் கற்பிக்க முடியாது. இரண்டாம் நாள் பிற்பகலில், மாணவர்கள் ஏற்கெனவே எழுதிய அதே விளக்கு நிரலை ஆர்டுயினோ 1.8.19 பதிப்பில் சி மொழியில் எழுத வைக்கிறேன். அதை அதற்கு முன்பே எல்லாக் கணினிகளிலும் நிறுவி, சிஎச்340 இல்லாத போர்டுகளில் சோதித்துவிடுகிறேன்.

பட்டறை நடத்தப்போகிறவர்கள் இவற்றோடு இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிக்கோவில் விளக்கு ஜிபி25 என்னும் இணைப்பில் இருக்கிறது, பிக்கோ டபிள்யூவில் அது வைஃபை சில்லோடு இணைந்திருக்கிறது. இரண்டையும் கலந்து வாங்கினால், 25 என்ற எண்ணைக் கொடுத்து எழுதிய நிரல் பாதிப் பேருக்கு ஓடாது. கேபிள்களை முந்தைய நாளே ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், அவற்றில் சில சார்ஜ் மட்டுமே ஏற்றும்.