பெயிண்டில் முக்கிய கைகள்

மக்களைச் சேர்த்துச் செய்யும் கலையை அழகை வைத்து அளக்கக் கூடாது, ஊருக்கு என்ன நன்மை என்று மட்டும் பார்த்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு உடன்பாடில்லை.

நான் கேரளத்தில் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சில வருஷங்களுக்கு முன் இங்கே ஒரு பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் கைகளைப் பெயிண்டில் முக்கிப் பதிக்க வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். என் மகள் தன் கை எது என்று தேடினாள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தது. அடுத்த இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், பாதி உரிந்தும் போனது. பிள்ளைகளுக்கு அன்றைக்குச் சந்தோஷம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் சுவரில் என்ன வேண்டும் என்று அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை.

ஜெர்மன் கலைஞர் யோசஃப் பாய்ஸ் செய்ததைப் பாருங்கள். 1982-ல் ஜெர்மனியின் காசெல் நகரில், அருங்காட்சியகத்துக்கு முன்னால் பசால்ட் என்ற எரிமலைப் பாறையில் 7000 கற்களைக் குவித்தார். ஊருக்குள் ஒரு மரம் நட்டால், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்ற வேண்டும். மரம் கூடக் கூடக் கல்மலை கரையும். வேலை எவ்வளவு பாக்கி என்று போகிற வருகிற எல்லாருக்கும் கண்ணெதிரே தெரியும். 1986-ல் அவர் இறந்துவிட்டார். கடைசி மரத்தை 1987-ல் அவர் மகன் நட்டார். கல் அப்படியே நிற்க, பக்கத்தில் மரம் வளர்ந்துகொண்டே போகிறது. இதில் பயன் எது, அழகு எது என்று எப்படிப் பிரிப்பது?

"நல்ல காரியம்தானே, விடுங்கள்" என்று சொல்லி அரைகுறை வேலையை ஏழைப் பிள்ளைகள் தலையில் கட்டுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்து பெயிண்ட் டப்பாவோடு வருகிறவர்கள் முதலில் பிள்ளைகளோடு ஒரு வாரமாவது உட்காரட்டும்.