அழுதா கவுண்ட் குறையாது

காலையில் வாட்ஸ்அப்பில் வரும் "நல்லதே நினை, நல்லதே நடக்கும்" படங்கள்மேல் எனக்குப் பகை இல்லை. பாசத்தில்தான் அனுப்புகிறார்கள். அதையே நோயாளி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொல்லும்போதுதான் பற்றிக்கொண்டு வருகிறது.

தண்டையார்பேட்டையில் எங்க சித்திக்கு மார்பகப் புற்றுநோய். பார்க்க வருபவர்கள் சாத்துக்குடியோடு ஒரு பிரசங்கமும் கொண்டுவருவார்கள்: "மனசுதான்மா மருந்து, பாசிட்டிவா இரு." ஒருமுறை ரத்தத்தில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, அதாவது 'கவுண்ட்', இறங்கி, அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டார்கள். அன்று ராத்திரி சித்தி கேட்டது: "முந்தாநேத்து அழுதேன்ல, அதனாலதான் கவுண்ட் கொறைஞ்சுதாடா?" கீமோ மருந்து, ரத்த அணுக்கள் உருவாகும் எலும்பு மஜ்ஜையையும் சேர்த்து அடிக்கும், அதனால் குறைகிறது. சொன்னேன். பாதிதான் நம்பியது. நோய் போதாதென்று குற்ற உணர்ச்சி வேறு.

1989ல் டேவிட் ஸ்பீகல் என்ற மருத்துவர், மார்பகப் புற்று பரவிய பெண்கள் குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினால் ஆயுள் கூடுவதாக எழுதினார். கனடாவில் பெரிய அளவில் செய்து பார்த்து 2001ல் வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை, மனவேதனையும் வலியும் குறைந்தன. அதுவே பெரிய விஷயம். கவனியுங்கள், அந்தக் குழுக்களில் யாரும் சிரித்தபடி இருக்கச் சொல்லவில்லை. பயத்தையும் சாவையும் பேசவிட்டார்கள், அழவிட்டார்கள்.

வலி, குமட்டல் இவற்றில் நம் எதிர்பார்ப்புக்கு நிஜமாகவே பங்கு உண்டு. கட்டியை அது சுருக்காது.

டிபி கதையும் நம்ம ஊர்க் கதைதான். 1956ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், சென்னையின் ஏழை நோயாளிகளில் பாதிப்பேரை சானடோரியத்தில், அதாவது டிபி ஆஸ்பத்திரியில், மருந்தோடு ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுத்து வைத்தது. மீதிப்பேர் நெரிசலான வீட்டிலேயே அரைவயிற்றோடு அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். குணமானதில் பெரிய வித்தியாசமில்லை. வேலை செய்தது மாத்திரை. நம்பிக்கைக்கு அங்கே ஒரு வேலை உண்டு: மாதக்கணக்கில் அந்த மாத்திரையை விடாமல் விழுங்கவைப்பது. இருமல் நின்றதும் "எனக்கு ஒண்ணுமில்ல"ன்னு பாதியில் நிறுத்துகிறாரே, அவரும் பாசிட்டிவ் ஆசாமிதான். மருந்துக்கு அடங்காத டிபி அப்படியும் வருகிறது.

இந்த "பாசிட்டிவா இரு" ஆஸ்பத்திரியோடு நிற்பதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படிந்து வலையெல்லாம் பாழானது. அதே மாதம் அங்கே பெரியகுப்பத்தில் உர ஆலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, நடுராத்திரியில் ஜனங்கள் வீட்டைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பிறகு ஆலையை மூடச்சொல்லிப் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். "எப்பப் பாரு நெகட்டிவாவே பேசறாங்கப்பா, ஏரியா பேரே கெட்டுப்போவுது" என்றார் நண்பர் ஒருவர். ஆலையை மூடவைக்க முடியும் என்று வேலைவெட்டியை விட்டுவிட்டு வெயிலில் போய் உட்கார்ந்தவர்களைவிட நம்பிக்கைக்காரர்கள் வடசென்னையில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்?