சித்தப்பாவுக்கா பிரஷர்?

எங்கள் சித்தப்பா குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கெழுதியவர். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடமும் இவரே ஸாரி சொல்வார். அவருக்கு பிரஷர் இருப்பதைக் கண்டுபிடித்தது ஒரு பல் டாக்டர். கடைவாய்ப்பல் பிடுங்கப் போன இடத்தில் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தால் 180/110. "முதலில் இதைக் கவனியுங்கள், பல்லை அப்புறம் பார்க்கலாம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டில் யாரும் நம்பவில்லை. "அவருக்கா? எதுக்குமே டென்ஷன் ஆகாத மனுஷனாச்சே, மெஷின் ரிப்பேரா இருக்கும்" என்றார் சித்தி.

இதில் நம் பேச்சுக்கும் பங்குண்டு என்பது என் சந்தேகம். "ரத்தக் கொதிப்பு" என்று பெயர் வைத்துவிட்டோம். கொதிப்பு என்றால் முகம் சிவக்கவேண்டும், தலை விண்ணென்று தெறிக்கவேண்டும். யாராவது கத்தினால் "அந்தாளுக்கு பிரஷர் ஏறிடுச்சு" என்கிறோம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இது எந்த அறிகுறியும் காட்டாது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இதயம், கிட்னி, கண், மூளை என்று ஒவ்வொன்றாய்ப் பதம் பார்க்கும். உலகத்தில் பிரஷர் உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தப் பாதியில் சித்தப்பா எத்தனை வருடம் இருந்தாரோ.

சரி, மாத்திரை ஆரம்பித்தார்கள். அம்லோடிபின் 5 மில்லிகிராம், தினமும் ஒன்று. மூன்று மாதத்தில் 128/80. பல்லையும் பிடுங்கியாயிற்று. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. "நார்மல் ஆயிடுச்சே, இனிமே எதுக்கு? ஆயுசுக்கும் சாப்பிட்டா கிட்னி போயிடுமாம்" என்று நிறுத்திவிட்டார். நிறுத்தச் சொன்னது டாக்டர் இல்லை, காலையில் கூட நடக்கிற நண்பர். கிட்னியைக் கெடுப்பது அடங்காத பிரஷர். அதை அடக்கத்தான் அந்த மாத்திரை. கொதிப்பு என்றே வைத்துக்கொண்டாலும், அடுப்பைத் தணித்து வைத்திருக்கும்வரைதானே பால் பொங்காது?

எட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை காபி டம்ளர் வலது கையிலிருந்து நழுவியது. வாய் லேசாகக் கோணியது. "கையை மடக்கிப் படுத்திருப்பார்" என்று தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. வந்தது பக்கவாதம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டுமாம். இப்போது நடக்கிறார், பேசுகிறார். ஆனால் முப்பது வருடம் முத்து முத்தாய்க் கணக்கெழுதிய கையால் பென்ஷன் பாரத்தில் ஒரு கையெழுத்துப் போட முடியவில்லை. கைநாட்டு வைக்கிறார். சட்டைப் பொத்தானை சித்திதான் போட்டுவிடுகிறார்.

பார்க்க வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அதில் முதலிடம் இந்துப்புக்கு. "சாதா உப்பை நிறுத்திட்டு இந்துப்பு போடுங்க, பிரஷரே வராது." இளஞ்சிவப்பாய், விலை அதிகமாய் இருப்பதால் மருந்து என்று நினைத்துவிடுகிறோம். அதுவும் சோடியம் குளோரைடுதான் சாமி! எந்த உப்பானாலும் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தலைதட்டின ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. சாம்பார், பொரியலிலேயே அது முடிந்துவிடும். அதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு. (மாவடு இல்லாமல் எனக்குத் தயிர்சாதம் இறங்காது. யோக்கியன் மாதிரி எழுதுகிறேன், அவ்வளவுதான்.)

அளக்கிற லட்சணமும் சொல்லவேண்டும். பைக்கை நிறுத்திவிட்டு மெடிக்கல் ஷாப்புக்குள் நுழைந்ததும், முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, கடைக்காரரோடு பேசிக்கொண்டே பார்ப்பது. அதில் வரும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் சும்மா உட்காரவேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கவேண்டும். பேசக்கூடாது. அரைமணிக்குள் காபி, பீடி, சிகரெட் கூடாது. வெவ்வேறு நாளில் பார்த்து 140/90 அல்லது அதற்கு மேல் வந்துகொண்டிருந்தால்தான் டாக்டர்கள் உறுதி செய்வார்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சித்தப்பாவுக்கு வீட்டுக்கே மாத்திரை வருகிறது. கொண்டுவந்த பெண் அவருக்கு அளந்துவிட்டு, "அண்ணே, நீங்களும் கைய நீட்டுங்க" என்றார். எனக்கு நாற்பத்திரண்டு வயது. கடைசியாக எப்போது பார்த்தேன் என்று ஞாபகமே இல்லை. 148/94.

"ராத்திரி பஸ்ஸுல வந்தேம்மா, தூக்கமே இல்ல" என்றேன்.

"எல்லாரும் இதத்தாண்ணே சொல்றாங்க. அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க, திரும்பப் பாக்கலாம்."

உட்கார்ந்தேன். 146/92. சித்தப்பா இடது கையால் தன் மாத்திரை அட்டையை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சிரித்தார்.