அது பாராட்டு இல்லை

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக் கூட்டத்தில் நடந்தது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், வீடியோவும் சுற்றுகிறது. "இவங்க சிலோன் லயன்ல இருந்து வந்தவங்கன்னு சொன்னா நம்பவே முடியாது, அப்படியே நம்மள மாதிரி ஆயிட்டாங்க" என்றார் ஒரு பெரியவர், டீ கம்பெனி மேனேஜரான என்னைக் காட்டி. லயன் என்றால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; சிலோன் லயன், இலங்கையிலிருந்து வந்தவர்களின் வரிசை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மைக்கை வாங்கி, "நான் இன்னும் அந்த லயன்காரிதான் ஐயா" என்றேன். அவ்வளவுதான். இரண்டு நாளாக எனக்குத் திமிர் என்கிறார்கள்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். தெரியும். ஆனாலும் அது பாராட்டு இல்லை. என் வேலையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை, என் பிறப்பை மறைத்துவிட்டேன் என்பதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அதில் ஒரு தலை என் அம்மாயி. அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரி', மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்த பிறகு 'சிலோன்காரி'. சாகும்வரை எந்த ஊரும் அவளைத் தன் ஆள் என்று சொல்லவில்லை. இது தெரிந்தும் அந்த வார்த்தையைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

தொழிலுக்காக நான் மாறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். டீ டேஸ்டிங் பழகப் போன முதல் நாள், கரண்டியில் எடுத்ததைக் காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சச் சொன்னார்கள். எனக்குச் சத்தமே வரவில்லை. பெரியவர்கள் முன்னால் உறிஞ்சிக் குடிக்காதே என்று தொடையில் கிள்ளி வளர்த்த பிள்ளை நான். ஒரு மாதம் வீட்டில் வெந்நீரை வைத்துப் பழகினேன். அதில் வருத்தமில்லை, தொழில் அது. ஆனால் கம்பெனி ஜீப் லயன் பக்கம் வந்துவிடக்கூடாது என்று மெயின் ரோட்டிலேயே இறங்கி, மழையில் ஒரு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனேனே, இரண்டு வருடம், அது தொழிலா? அம்மா ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஷூவில் அப்பிய சேற்றைக் கழுவி அடுப்போரம் காயவைப்பாள்.

மறைத்தால்தான் மேலே வர முடியும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாக்கில் இலையை அமுக்கித் திணித்தால் சூடேறிச் சிவந்துபோகும், தூளில் தரம் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். நாலரை கிலோ பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள், அதையும் கெடுத்துக்கொண்டிருந்தோம். இலை சாக்கிலேயே கிடக்காமல் இருக்க, அதை ஏற்றிவர மதியமும் ஒரு நடை வண்டி அனுப்புங்கள் என்று மீட்டிங்கில் நான் ஒருத்திதான் சொன்னேன், டீசல் செலவு என்று எல்லோரும் எதிர்த்தார்கள். அன்று அவர்களை மாதிரி ஆகியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். வண்டி ஓடத் தொடங்கியதும் எடை போடுகிறவரும் டிரைவரும் எனக்காகக் கூடுதல் நேரம் நின்றார்கள், நான் அவர்கள் வீட்டுப் பெண் என்பதால் நின்றார்கள். தனியாகப் பேசியதும் நானே, அவர்களோடு சேர்ந்தவளும் நானே. இதில் எதை விடச் சொல்கிறீர்கள்?

"எல்லோரையும் பகைத்துக்கொண்டு மேனேஜராக இருக்க முடியுமா" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். யாரை அண்ணா பகைத்தேன்? ஐயா என்றுதானே சொன்னேன்? என் இடத்தில் ஒரு ஆண் அதையே சொல்லியிருந்தால் தன்மானம் என்றிருப்பீர்கள்.

"நீயும் மகளை இங்கிலீஷ் மீடியத்தில்தானே சேர்த்திருக்கிறாய்" என்று கேட்டது நம்ம லயன் தம்பி. ஆமாம், சேர்த்திருக்கிறேன். அது இரண்டு நாளாக என்னையும் குடைகிறது. போன வாரம் அவள் ஸ்கூல் ஃபாரத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் கோத்தகிரி என்று மட்டும் எழுதினாள். நானும் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. கைதட்டியவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள் தம்பி, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்வரிசையில் என் அம்மாவும் உட்கார்ந்திருந்தாள், அவளும் கைதட்டினாள்.

மன்னிப்புக் கேட்கச் சொல்கிறீர்கள். கேட்க மாட்டேன். நாளை மதிய வண்டி வரும்போது தராசுப் பக்கத்தில் இருப்பேன், பேச வேண்டியவர்கள் அங்கே வாருங்கள்.